தங்கக்கனி வாசிக்காத பலகை

வெள்ளைத்திடல் நிறுத்தத்தில் பஸ் நின்று திரவியம் இறங்கியபோது அவன் பின்னாலேயே போர்டும் இறங்கியது. வலது காலைப் படியில் வைத்து, இடது காலைத் தூக்கி, கதவு அகலத்துக்குத் தன் ஆறடித் தகரத்தைச் சாய்த்து, இடுக்கில் நுழைகிற எருமை மாதிரி நிதானமாக இறங்கி, காலில் அறுந்து தொங்கிய சைக்கிள் செயினைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு அவனுக்கு எட்டு அடி பின்னால் வந்து நின்றது.

"ஏலே, இதுக்கு லக்கேஜ் போட்டியாலே?" என்று கண்டக்டர் கத்தினார்.

"அது என்னுது இல்லண்ணே."

"உன் பின்னாலதானலே வருது? அப்ப என்னுதா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து வாய்விட்டு வாசித்தார்கள். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து. 'மரகதம் டுடோரியல். பத்து, பன்னிரண்டு பெயிலா? கவலை வேண்டாம்.' கவலை வேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. பஸ் போய்விட்டது. திரவியத்துக்குக் காது இரண்டும் எரிந்தன.

எரியாமல் என்ன செய்யும்? இரண்டு மாசமாக அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான் என்றுதான் ஊர் நம்பியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷிலும் கணக்கிலும் அவன் பெயில். ரிசல்ட் வந்த அன்றைக்கு நெட் சென்டரில் அதைப் பார்த்தது அவன் ஒருத்தன்தான். வீட்டுக்கு வந்து பாஸ் என்றான். வாயில் வந்தது, அவ்வளவுதான், யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. ஆனால் அவன் அம்மா தங்கக்கனி அந்த வார்த்தையைக் கேட்டதும் உப்பு ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் கடைக்கு ஓடி, ஒரு டப்பா மிட்டாய் வாங்கி, உப்பளத்தில் தன்னோடு உப்பு வாருகிற இருபத்தோரு பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டாள். கொடுத்த மிட்டாயைத் திரும்ப வாங்க முடியுமா? அதற்கு மேல் அவன் பொய்யை வளர்க்கவேண்டியதாயிற்று. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள் என்றான். காலையில் பையை மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, டயர் கடைக்கு மேலே, மாடிப்படியில் வெற்றிலை எச்சில் காய்ந்து கிடக்கிற மரகதம் டுடோரியலில் போய் உட்கார்ந்தான். அம்மா பீஸுக்கென்று கொடுத்ததை அங்கேதான் கட்டியிருந்தான். கீழே நடைபாதையில், விளக்குக் கம்பத்தோடு சைக்கிள் செயினில் கட்டி நிறுத்தியிருந்த போர்டைத் தினமும் தலையைக் குனிந்துகொண்டுதான் கடந்தான். அது இப்போது செயினை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவன் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. நின்றால் நின்றது. ஓடிப் பார்த்தான், டங்கு டங்கு என்று அதுவும் ஓடிவந்தது. வேப்பமரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மாதா சிலை இருந்த கெபியைச் சுற்றி அவன் ஓட, போர்டு துரத்த, போர்டுக்குப் பின்னால் நாய் ஓட, நாய்க்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஓட, கடைசியில் வேறு போக்கிடம் இல்லாமல் அவன் தன் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தான். தெருவே வாசலில் நின்று வாசித்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சத்தம் கேட்டுத் தங்கக்கனி உள்ளேயிருந்து "யாரு?" என்றபடி வந்தாள். அவள் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் எதிர்வீட்டுச் சவரியம்மாள், கொடியில் போடக் கையில் வைத்திருந்த ஈரச் சேலையை ஒரே வீச்சில் போர்டின் மேல் வீசிவிட்டாள். மரகதமும் டுடோரியலும் பெயிலும் கவலையும் அந்த நீலச் சேலைக்குள் மறைந்தன.

"என்னக்கா இது?" என்றாள் தங்கக்கனி.

"சேல காயப்போட்டிருக்கேன்."

"அது இல்ல, கீழ இருக்கிறது."

"அது ஒரு தகரம். உம் மவன் பின்னாலயே வந்துட்டு. காலேஜ்ல இருந்து வந்திருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு இப்பல்லாம் என்னென்னவோ குடுக்காங்கல்லா."

தங்கக்கனி சேலையைப் பார்த்தாள், சேலைக்குக் கீழே தெரிந்த இரண்டு இரும்புக் கால்களைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "உள்ள வாய்யா, காப்பி ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வெள்ளைத்திடலில் துணி போடுகிற முறை ஒன்று வந்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை, தானாக வந்தது. தகரத்துக்கு எப்படி நடை வந்தது, ஏன் இவன் பின்னால் வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை, அதன் மேல் எதைக் காயப்போடலாம் என்றுதான் கேட்டார்கள். திங்கட்கிழமை சவரியம்மாள் வீட்டுச் சேலை, செவ்வாய்க்கிழமை கடைக்காரர் பால்துரை அண்ணாச்சி வீட்டுப் போர்வை, புதன்கிழமை கோயில் உபதேசியார் வீட்டு நைட்டி, வெள்ளிக்கிழமை மீன்காரி எஸ்தாக்கியின் வலை, அதற்கு அடியில் கிழிந்த சாக்கு, ஏனென்றால் வலைக்குள்ளே எழுத்து தெரியும் என்று எஸ்தாக்கிக்கே தோன்றியிருந்தது. மாதா திருவிழாப் பத்து நாளும் மாதா படம் போட்ட பிளக்ஸைக் கட்டிவைத்தார்கள். அதைப் போர்டு என்று தெரியாத வெளியூர்க்காரி ஒருத்தி அதன் காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனாள்.

திரவியம் காலையில் பஸ்ஸுக்குப் போனால் போர்டும் துணியோடு போனது. சவரம் செய்யப் போனால் கடை வாசலில் நின்றது. காட்டுக்கு ஒதுங்கினால் எட்டு அடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. மாட்டு வண்டி அவனை உரசப் பார்த்தால் நடுவில் வந்து நின்றது, ஒருமுறை வெறிநாய் வந்தபோதும் அப்படித்தான். அதையெல்லாம் அவன் கவனிக்கவில்லை. செயின் சத்தம் ஒன்றுதான் அவன் காதில் விழுந்தது. கண்டக்டர் மூன்று நாள் லக்கேஜ் போட்டுப் பார்த்து, நாலாவது நாள், "படிக்கப் போற எடத்துக்குத்தான போவுது, வரட்டும்" என்று ஸ்டூடண்ட் பாஸ் கணக்கில் விட்டுவிட்டார்.

டுடோரியலில்தான் ஏச்சு. அதை நடத்துகிற, மரகதத்தின் புருஷன் தேவசகாயம் சார் படியிலேயே நின்று பிடித்துக்கொண்டார். "போர்ட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, புதுசா பெயிலான பையனுவ எடத்த எப்படிடா கண்டுபிடிப்பானுவ?"

"நான் கூட்டிட்டுப் போகல சார். அதுவா வருது."

"அப்ப பெயிலாகாம இருந்திருக்கணும்."

மாடியில் இங்கிலீஷ் எடுக்கிற ரோஸ்லின் மிஸ்ஸுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும். அவளே பிளஸ் டூ இரண்டு தடவை எழுதினவள், அதை மறைக்கவும் மாட்டாள். வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸைத் தொட்டாள். திரவியத்துக்கு அது ஆச்சரியமாகவும் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. ஏச்சு வாங்கின அன்றைக்கு அவன் அவளிடம் கேட்டான், கேட்டான் என்ன, சண்டைக்குத்தான் போனான்.

"மிஸ், டுடோரியல்ங்கிற வார்த்தைய எவன் கண்டுபிடிச்சான்? பெயிலானவன் படிக்கிற எடம்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி."

"அப்படி அதுக்கு அர்த்தம் இல்லடா."

"எங்க ஊர்ல போயிக் கேளுங்க."

அவள் மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த அகராதியை உருவினாள். மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, தனக்குள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"லத்தீன்ல இருந்து வந்திருக்கு. அதோட வேர்ச் சொல்லுக்குப் பாக்கிறதுன்னு அர்த்தம். சும்மா பாக்கிறது இல்ல, பாத்துக்கிறது, காவல் காக்கிறது. டியூட்டர்னா ரோமாபுரியில பாடம் நடத்துறவன் இல்ல. தகப்பன் செத்துப்போன பிள்ளைக்கு, அது பெரிசாகிற வரைக்கும் அதோட சொத்தையும் அதையும் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆளப் போடுவாங்க. அந்த ஆளு பேருதான் டியூட்டர். பாடம் கீடம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்து அந்த வார்த்தையில ஒட்டிக்கிட்டது."

"அப்ப மொதல்ல பாடமே கிடையாதா?"

"கிடையாது. பக்கத்துல நிக்கிறதுதான் வேல."

"பெறகு எதுக்கு மிஸ் பீஸ்?"

வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். திரவியம் சிரிக்கவில்லை. அவன் அப்பா, அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, உப்பு லாரி கவிழ்ந்து செத்துப்போனவர். அது மிஸ்ஸுக்குத் தெரியாது. அவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். போர்டு உபதேசியார் வீட்டு நைட்டியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, ஜன்னலைப் பார்த்தபடி வெயிலில் நின்றது. போய்த் தொலையேன் என்று மனசுக்குள் சொன்னான். அது போகவில்லை.

வீட்டில் தினமும் சாயங்காலம் தங்கக்கனி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பாள், "இன்னைக்கு என்ன பாடம்யா?"

"மிஷின் டிராயிங்."

"அப்படின்னா?"

"மிஷின படமா வரையிறது."

"அளத்துல தண்ணி எறைக்கிற மோட்டார வரைவியா?"

"வரைவேன்."

"ஒரு நாள் வரைஞ்சு காட்டு, என்ன?" என்பாள். உப்பு வெளிச்சத்தில் சுருங்கிப்போன கண்ணை இன்னும் சுருக்கிக்கொண்டு, அவன் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. தெரியும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. தெரியாது என்று நினைத்தாலும் இறங்கவில்லை.

ஒரு நாள் அவள் தண்ணீர்க் கேனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட, அவன் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனான். போர்டும் வந்தது, பால்துரை அண்ணாச்சியின் போர்வையோடு. அளத்தில் ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது, மேலே வெள்ளை, கீழே வெள்ளை, பாத்தி பாத்தியாகக் கண்ணாடி மாதிரி மின்னுகிற உப்புத் தண்ணீர், அதில் இருபத்திரண்டு பெண்கள் முழங்கால்வரை கிழிந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற மேஸ்திரி அவனைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கக்கனி, உம் மவன் படிக்கிற காலேஜு பேரு என்ன? எனக்குக்கூட ஒரு போர்டு வேணும்" என்றான்.

சவரியம்மாள் தலையில் இருந்த உப்புக் கூடையோடு நேராக அவனிடம் போய், அவன் செருப்பு இரண்டும் புதைகிற மாதிரி அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

"கை வழுக்கிட்டு" என்றாள்.

"வேணும்னு கொட்டுத!"

"வழுக்கிட்டுங்கேன். ஏட்டி, இஞ்சினியர் அம்மா, நீ உன் வேலையப் பாரு. மவன் தண்ணி கொண்டாந்திருக்கான், வாங்கிக் குடி."

மற்ற பெண்களும் ஒருத்தி மாற்றி ஒருத்தி, "இஞ்சினியர் அம்மாவுக்குத் தண்ணி வந்துட்டு", "எங்களுக்கும் குடு இஞ்சினியர் அம்மா" என்று, கேலியின் நிழல்கூட இல்லாமல், மாதா பிரார்த்தனைக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரே ராகத்தில் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் போர்டை வாசித்தவர்கள். வாசித்துவிட்டு, அவன் அம்மாவைச் சுற்றித் தங்கள் துணியாலும் வாயாலும் ஒரு வேலி போட்டு வைத்திருந்தார்கள். உப்பில் விழுந்து புரண்டு அப்படியே கரைந்துபோய்விடலாம் போல இருந்தது அவனுக்கு. கேனை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

செப்டம்பரில் பரீட்சை வந்தது. அதற்கு முதல் நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா வழக்கம்போல என்ன பாடம் என்று கேட்கவில்லை. வெளியே காற்று போட்டு அடித்தது. போர்டின் மேல் கிடந்த சேலை படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏய்யா திரவி."

"என்னம்மா."

"இத்தன நாளா அந்தத் தகரத்த நான் வாசிக்கல. காத்துல துணி வெலகும்போதெல்லாம் கண்ண மூடிக்கிட்டேன். வாசல் தெளிக்கையில அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் தெளிக்கேன். ஊரே வாசிச்சிட்டு. நான் வாசிக்க மாட்டேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாளைக்கு நீ எங்கயோ போறங்கிறது மட்டும் தெரியுது. ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்ச. எங்கன்னு இப்ப கேக்கல. விடியக் காலம நான் அளத்துக்குப் போயிருவேன். பஸ் ஏறப் போறதுக்கு முன்னால அங்க வந்து, எங்க போறேன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நீ என்ன சொன்னாலும் சரிய்யான்னு சொல்லிருவேன். ஏச மாட்டேன், அழ மாட்டேன். தகரம் சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம். நீ சொல்லணும்."

"சரிம்மா" என்றான்.

காலையில் அவன் கதவைத் திறந்தபோது போர்டு எட்டு அடி பின்னால் வரவில்லை. முன்னால் போனது. செயினை இழுத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, அவனுக்கு வழி தெரியாது என்று நினைத்த மாதிரி, நேராக அளத்தைப் பார்த்து நடந்தது. அன்றைக்கு அதன் மேல் துணி இல்லை. துணி போடும் முறை யாருடையது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை, எல்லாப் பெண்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு மாச உப்புக் காற்றில் மஞ்சள் உரிந்து, ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது, ஆனால் சிவப்பு எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. பெயிலா என்பதற்குப் பின்னால் இருந்த கேள்விக்குறிகூட அப்படியே இருந்தது.

போர்டு வரப்பில் ஏறி, பாத்திக்குள் இறங்கி, தங்கக்கனி குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், எழுத்தில்லாத முதுகு அவளைப் பார்க்கிற மாதிரித் திரும்பி, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. அந்த அளத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் மேல் முதல்முதலாக ஒரு நிழல் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். நிழலுக்குள் இருந்ததால் கண்ணைச் சுருக்காமல், முழுசாகத் திறந்து, தகரத்தின் ஓரத்தில் வந்து நின்ற அவனைப் பார்த்தாள். அம்மாவின் கண் அவ்வளவு பெரிசு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுத்துப் பக்கம் அவனைப் பார்த்து நின்றது. இருபத்தோரு வாருபலகையும் நின்றுவிட்டன. சவரியம்மாள் தலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக எல்லாருமே திருப்பிக்கொண்டார்கள். தாயும் பிள்ளையும் பேசட்டும் என்று இருபத்தோரு முதுகுகள் அவனுக்காகக் காத்திருந்தன. தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"வந்துட்டியாய்யா" என்றாள் தங்கக்கனி. "சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். நாக்கு உப்பாக இருந்தது.

"தண்ணி இருக்காம்மா?"

அவள் குனிந்து கேனை எடுத்து, மூடியைத் திறந்து, அதன் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான், தாகமே இல்லாமல் பாதிக் கேனைக் குடித்தான்.

"வேற?" என்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சரிய்யா" என்றாள். என்ன சொன்னாலும் சொல்வேன் என்று சொன்னதை அவள் சொல்லிவிட்டாள்.

அவன் திரும்பி நடந்தபோது பின்னால் செயின் சத்தம் வரவில்லை. எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. போர்டு அதற்குப் பிறகு அவன் பின்னால் வரவே இல்லை, அவள் எந்தப் பாத்தியில் வாருகிறாளோ அந்தப் பாத்தியில், சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டது. துணி போடுகிற முறையும் நின்றுபோனது. அவள்தான் அதன் முதுகை மட்டுமே பார்க்கிறாளே. அந்தப் பரீட்சையில் அவன் இரண்டு பாடமும் பாஸ். அதையும் வீட்டில் சொல்லவில்லை, பெயிலானதையே சொல்லாதவன் பாஸானதை எந்த வாயால் சொல்வான்? இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், சாப்பிட்டியாய்யா, தூங்கினியாய்யா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள். அவனும் வைத்திருக்கிறான்.

எங்க போறேன்னு ஒரு வார்த்த, உன் வாயால, என்று மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள். பரீட்சை அன்றைக்கு வரப்பில் ஏறின பிறகு அவன் ஒரு தடவை திரும்பினான். தண்ணி நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் பஸ் ஏறினான்.